எந்த ஊருக்கும் போகாத கப்பல்

இந்த டப்பாவை உங்க காலுக்கிட்ட நகத்தி வச்சுக்கிறேன் தாயி, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. சேவுதான். சாத்தூர்ல எங்களுக்குச் சேவுக்கடை. எடுத்துக்கங்க, கூச்சப்படாதீங்க. இது ஊர்லருந்து கொண்டு போற சேவு இல்ல, ஊருக்குத் திரும்பிப் போற சேவு. கப்பலுக்குள்ள திங்கிற சாமான் கொண்டு போகக் கூடாதாம். வாசல்லயே வாங்கி, ஒரு சீட்டை ஒட்டி வச்சுக்கிட்டான். இன்னைக்குக் காலையில இறங்கும்போது அப்படியே கையில கொடுத்தான். மூணு நாளாச்சு, நமுத்துப் போச்சான்னு கடிச்சுப் பாத்துச் சொல்லுங்க.

ஆமா, கப்பல்தான். கப்பல்ல போயிட்டுத்தான் வாறோம். என்னயப் பாத்தா கப்பல்ல போனவ மாதிரி இல்லையா. எனக்கே அப்படித்தான் இருக்கு.

எதுத்தாப்புல பேப்பரை விரிச்சு மூஞ்சிய மறைச்சிருக்காகள்ல, அவுகதான் எங்க வீட்டுக்காரவுக. குருவையான்னு பேரு. ஜன்னலோரமா, உங்களுக்கு நேரா, காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறது எம் மக. செண்பகவல்லி. செம்பகம்னு கூப்பிடுவோம். பாட்டுக் கேக்கிறா. நாம பேசுறது அவளுக்குக் கேக்காது.

அவ பையை மட்டும் இவுக வாசப்பக்கம் கொண்டு போயி வச்சிருக்காக. சீட்டுக்கடியில இடம் இல்லன்னாக. குனிஞ்சு பாருங்க, எம்புட்டு இடம் கெடக்கு. எவனாச்சும் தூக்கிட்டு இறங்கிட்டா என்ன செய்யிறது. சொன்னாக் கேக்க மாட்டாக. பதிலும் சொல்ல மாட்டாக. நாப்பது வருஷமா எங்க வீட்ல நான் ஒருத்திதான் பேசுறேன்.

வைகாசியிலதான் இவளுக்குக் கல்யாணம் முடிச்சோம். மாப்ளை மெட்ராஸ், கொளத்தூர்ப் பக்கம். திருமலைக்குமார்னு பேரு. ஏசி மிஷின் வேலை. தங்கமான பையன், குத்தம் சொல்ல முடியாது. வீடுதான் சின்னது. ஒரு ரூமு, ஒரு ஹாலு. அதுல மாமனார், மாமியார், மூத்தவரு, அவரு சம்சாரம், ரெண்டு சின்னப்பிள்ளைங்க. இவங்க ரெண்டு பேருக்கும் ஹால்லதான் படுக்கை. 'ம்மா, ஒரு வார்த்தை பேசணும்னாக்கூட மாடிப்படியில போயி உக்காந்துதாம்மா பேசிக்கிறோம்'னு போன்ல சொல்லுவா. குடும்பம்னா அப்படித்தான் இருக்கும்னு சொல்லுவேன். நான் வாக்கப்பட்டு வந்தப்ப எங்க வீட்ல எட்டுப் பேரு.

மாப்ளைக்கு மஸ்கட்ல வேலை கெடச்சிருக்கு. ஆவணி பிறந்ததும் கிளம்பணும், ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் லீவு. அதுக்கு முன்னால நாலு நாள் எங்கயாச்சும் போயிட்டு வருவோம்னு, தாலி கட்டின கையோட கப்பலுக்குப் பதிஞ்சிட்டாரு. பதியட்டும், வேண்டாங்கல. நம்ம காலண்டரைப் பாக்க வேண்டாமா. இங்கிலீஷ் தேதியைப் பாத்துப் பதிஞ்சிருக்காரு. ஆடி பத்து.

சரியாச் சொன்னீங்க. ஆடியில எப்படிச் சேந்து போறது.

நான் ஆடி ஒண்ணாந்தேதியே முறையா ரெண்டு பேரையும் அழைச்சு, விருந்து வச்சு, அவளுக்குப் பட்டு, அவருக்கு வேட்டியும் மயில்கழுத்துக் கலர்ல சட்டையும் எடுத்துக் கொடுத்து, மாப்ளையை மட்டும் வண்டியேத்தி அனுப்பிட்டேன். அவ என்கூட இருந்தா. நல்லாத்தான் இருந்தா. எட்டாம் நாள் வந்து நிக்கா. 'ம்மா, கப்பலை மாத்த முடியாதாம். இப்ப விட்டா அவ்வளவுதானாம்'. அழறா.

நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரி இல்ல தாயி. ஒரு பகல் பூரா யோசிச்சேன். சேவு பிழியிறேன், கை பாட்டுக்குப் பிழியுது, மனசு யோசிக்குது. அப்புறம் ஒரு வழி கெடச்சுச்சு. மாப்ளைக்குப் போன் போட்டேன்.

'மாப்ளை, நாங்களும் வாறோம். இன்னொரு ரூமு எடுங்க'ன்னேன்.

'சந்தோஷம் அத்தை'ன்னாரு.

'பொம்பளைங்க ஒரு ரூமு, ஆம்பளைங்க ஒரு ரூமு. முறையும் தப்பாது, கப்பலும் பாத்த மாதிரி ஆச்சு'ன்னேன்.

சத்தமே இல்ல. லைன் போச்சோன்னு அலோ அலோங்கிறேன். 'இருக்கேன் அத்தை'ன்னாரு, ரொம்ப நேரங்கழிச்சு.

கப்பல்னா கப்பல் அது. நம்ம ஊர்க் கோபுரத்தைப் படுக்க வச்ச மாதிரி. உள்ள லிப்ட்டு, கடை, நீச்சக் குளம், பாட்டுக் கச்சேரி. நடக்க நடக்க முடியல. கழுத்துல ஒரு அட்டையை மாட்டி விடுறான். அதான் ரூமுக்குச் சாவி, அதான் சோத்துக்கும் சீட்டு. பேரு போட்டிருக்கும். நாங்க ரூமை மாத்திக்கிட்டோம்ல, அதனால அட்டையையும் மாத்திக்கிட்டோம். மூணு நாளும் என் கழுத்துல திருமலைக்குமார்னு தொங்குது. மாப்ளை கழுத்துல அன்னலட்சுமின்னு எம் பேரு. சாப்பாட்டுக் கூடத்துல நிக்கிற பய அட்டையைப் பாக்கான், என்னயப் பாக்கான், மறுபடியும் அட்டையைப் பாக்கான். மாப்ளை தன் அட்டையைப் பேரு தெரியாம உள்பக்கமாத் திருப்பி மாட்டிக்கிட்டாரு.

ரூமுக்குள்ள போனா, மெத்தையில ரோசாப்பூவைப் பிச்சுப் பரப்பி வச்சிருக்கான். நடுவுல ரெண்டு வாத்து. துண்டை முறுக்கி வாத்து மாதிரிச் செஞ்சு, ரெண்டும் மூஞ்சியோட மூஞ்சி ஒட்டிக்கிட்டு நிக்குது. இவ வாசல்லயே நின்னு பாத்துக்கிட்டு இருக்கா. எனக்கு வெயில்ல வந்தது கசகசன்னு இருந்துச்சு. ஒரு வாத்தைப் பிரிச்சு மூஞ்சியைத் தொடச்சேன். பூவைக் கூட்டி ஓரமா வச்சேன். சாமிக்குப் போடுற பூவு, அதுமேல படுக்கலாமா. கொஞ்ச நேரத்துல ஒருத்தன் கேக்கு கொண்டு வந்து நீட்டுறான், மேல ரெண்டு பேரு பேரும் எழுதியிருக்கு. உள்ள நானும் அவளும் நிக்கோம். அன்னைக்கு வெள்ளிக்கிழமை, முட்டை போட்டதுன்னு நான் தொடல. அவளும் தொடல. அந்த மத்த வாத்தை மட்டும் பிரிக்க விடமாட்டேன்னுட்டா. மூணு நாளும் அது ஒத்தையாவே மேசை மேல நின்னுச்சு.

சாப்பாட்டுக்கு ரெண்டு பேரு உக்காருற மேசையாப் பதிஞ்சிருக்காரு. மெழுகுவத்தி எல்லாம் ஏத்தி வச்சிருக்கான். கூட ரெண்டு நாற்காலி போடச் சொல்லி, நான் நடுவுல உக்காந்துக்கிட்டேன். போட்டோக்காரன் வந்து எடுத்தான். அந்தப் போட்டோவை மறுநாள் செவுத்துல மாட்டியிருந்தான். நல்லா விழுந்திருக்கு. நான் சிரிச்சுக்கிட்டு இருக்கேன், அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் அவ. மெழுகுவத்தி சரியா என் மூஞ்சிக்கு நேரா.

நமுத்துப் போகலையா. அப்பச் சரி. இன்னும் எடுத்துக்கங்க.

கப்பல்ல எல்லாருமே ஏமாந்து போனவங்கதான் தாயி, நாங்க மட்டுந்தான்னு இல்ல. ஈரோட்டுக்காரரு ஒருத்தரு, சென்னியப்பன்னு, ஜவுளி யாவாரம். குடும்பத்தோட வந்திருந்தாரு. ரெண்டாம் நாள் காலையில ரிசப்ஷன்ல நிக்கிற பையன்கிட்டக் கேக்கிறாரு.

'ஏனுங் தம்பி, ரெண்டு நாளாத் தண்ணியே காட்டிட்டு இருக்கறீங்களே, எந்த ஊருக்குங் போறோம்?'

'எந்த ஊருக்கும் போகாது சார். நடுக்கடல் வரைக்கும் போயி, சுத்திட்டு, அதே சென்னைக்கு வந்துரும்.'

'அப்ப எங்கயும் நிக்காதுங்களா?'

'நிக்காது சார்.'

'இதுக்கு நான் வூட்டுலயே குந்தியிருப்பனே, ஊட்டியாவது போயிருப்பனே. அந்தமானுன்னு சொல்லிப் பசங்களைக் கூட்டியாந்துட்டனே.'

அவரு சம்சாரம் பின்னால நின்னு, 'வுடுங்க, இட்லி நல்லாத்தான் இருக்குது'ங்குது.

எங்களுக்கு அடுத்த ரூமுல ரெஜினா டீச்சர்னு ஒருத்தி. திசையன்விளைப் பக்கம். கல்யாணம் கட்டல, ரிட்டயர் ஆயிட்டா. அமைதியா உக்காந்து கடலைப் பாக்கணும்னு வந்தவ. பாக்க விட்டாத்தானே. விடிஞ்சதும் நீச்சக் குளத்துக்கிட்ட ரேடியோவைப் போட்டான்னா பொழுது அடையிற வரைக்கும் டங்கு டங்குன்னு அதே கூத்து. காதுல பஞ்சை வச்சுக்கிட்டு கடலைப் பாத்துக்கிட்டு இருக்கா பாவம்.

இவுக இருக்காகளே, இவுகளுக்கும் ஒரு கனவு. பதினாலு வயசுல தூத்துக்குடியில தோணியேறிக் கொழும்புக்கு ஓடிப்போகப் பாத்தவுக. எங்க மாமனாரு தோணித்துறையிலயே வச்சுப் பிடிச்சு, கூட்டிட்டு வந்து கையில சேவுக் கரண்டியைக் கொடுத்துட்டாரு. அதுலருந்து கடலுன்னா ஒரு இது. கப்பல்லருந்து கரை எப்படித் தெரியும்னு பாக்கணுமாம். கரை எங்க தெரிஞ்சுச்சு. மூணு நாளும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னதுதான் மிச்சம். பக்கத்துல மாப்ளை. ரெண்டு முதுகும் மேல இருந்து பாத்தா ஒண்ணுபோல தெரியும். சேவுக்கு மாவு பிசையிற பக்குவத்தைச் சொல்லிக் கொடுக்காக போலன்னு நெனச்சுக்கிட்டேன். வேற என்ன தெரியும் இவுகளுக்குப் பேச. ஆனா குறட்டை விடுவாக. மாப்ளை மூணு நாளும் கண்ணு செவந்துபோயித்தான் காப்பி குடிக்க வந்தாரு. குறட்டையிலதான் தூங்கலன்னு வச்சுக்கங்க.

ரெண்டாம் நாள் மத்தியானம் நான் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா இவளைக் காணோம். அந்த ரூமுக்குப் போயித் தட்டினா, இவுக மட்டும் இருக்காக. 'மாப்ளை எங்க?'ன்னேன். 'காத்து வாங்கப் போனாரு'ன்னாக. பதினோரு மாடி தாயி. ஒவ்வொண்ணா ஏறி இறங்குறேன். மூட்டு வலி உயிரு போகுது. ஆகாத காலத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது. நேரா ரிசப்ஷன்ல போயி, பிள்ளையைக் காணோம்னேன்.

'பதறாதீங்கம்மா, மைக்குல சொல்லிரலாம். பிள்ளைக்கு என்ன வயசு?'

'இருபத்தஞ்சு.'

அவன் எழுதுறதை நிப்பாட்டிட்டு என்னயப் பாக்கான். 'கூட யாராவது இருக்காங்களா?'

'இருக்காரு. அவ புருஷன்.'

பேனாவை மூடிக் கீழ வச்சுட்டான். நான் விடல. நீ சொல்றியா, நான் வந்து மைக்குல பேசவான்னேன். சொன்னான். பதினோரு மாடிக்கும் கேட்டுச்சு. சாத்தூர் செண்பகவல்லி எங்கிருந்தாலும் ரிசப்ஷனுக்கு வரவும், அம்மா காத்திருக்காங்கன்னு. பாட்டைக்கூட நிப்பாட்டிட்டுச் சொன்னான்.

வந்தாங்க. ரெண்டு பேரும் சேந்தேதான் வந்தாங்க, நடுவுல ஒரு முழம் இடம் விட்டு. உயிர்காக்கிற படகு கட்டித் தொங்க விட்டிருக்கான்ல, அதுக்குக் கீழ படிக்கட்டு இருக்காம், அதுல உக்காந்து பேசிக்கிட்டு இருந்தாங்களாம். அங்கயும் படிக்கட்டுதான் பாருங்க. கூட்டம் பூரா வேடிக்கை பாக்குது. இவ மூஞ்சியில ரத்தமே இல்ல. 'ரூமுக்குப் போலாமா'ன்னு மட்டும் கேட்டா. ஈரோட்டுக்காரரு அன்னைக்குச் சாயங்காலம் என்னயப் பாத்து, 'அம்மிணி, பாப்பா கெடச்சிருச்சுங்களா?'ன்னு சிரிக்கிறாரு. சிரிச்சிட்டுப் போறாரு. அவருக்குப் பொண்ணு இல்ல.

ரெஜினா டீச்சர்தான் என்கிட்ட வந்து உக்காந்தா. காதுப் பஞ்சை எடுத்துக் கையில வச்சுக்கிட்டு, 'அக்கா, நான் கேக்கிறேன்னு கோவிக்கக் கூடாது. நான் அமைதி கெடைக்கும்னு வந்தேன், கெடைக்கல. அந்த ஈரோட்டுக்காரரு அந்தமான்னு வந்தாரு, வரல. எங்களுக்கெல்லாம் அடுத்த வருஷம் வேற எடம் இருக்கு. ஒங்க பொண்ணு எதுக்காக வந்தா, அது அவளுக்குக் கெடச்சுதா?'ன்னு கேட்டா.

'முறைன்னு ஒண்ணு இருக்குல்ல டீச்சர்'ன்னேன்.

'ஏன் அந்த முறைன்னு அவகிட்டச் சொன்னீங்களா? ஒங்களுக்கு ஏன் இவ்வளவு பயம்னு சொன்னீங்களா?'

'அம்மா வேண்டாம்னு சொன்னா வேண்டாந்தான். காரணம் வேறயா'ன்னேன்.

அவ எந்திரிச்சுப் போயிட்டா. குடும்பம் நடத்தாதவ, அவளுக்கு என்ன தெரியும். பள்ளிக்கூடத்துல கேள்வி கேட்டே பழகிட்டா. ஆனா அந்தக் கேள்வி பாருங்க, முள்ளு மாதிரி உள்ளயே இருக்கு.

நேத்து மத்தியானச் சாப்பாட்டுலதான் எல்லாம் வெடிச்சுது. மாப்ளை போனைப் பாத்துக்கிட்டே வந்து உக்காந்தாரு. கரண்டியை எடுத்தாரு, வச்சாரு.

'அத்தை, மஸ்கட்லருந்து மெயில் வந்திருக்கு. தேதியை முன்னால இழுத்துட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமையே ஏறணும்.'

'வெள்ளிக்கிழமைன்னா ஆடி பதினேழுல்ல. ஆடியில புது வேலைக்குக் கிளம்பலாமா. ஆவணியில வாறேன்னு எழுதுங்க.'

'அவங்க கேக்க மாட்டாங்க அத்தை.'

'வீட்ல பெரியவங்க ஒத்துக்கலன்னு எழுதுங்க மாப்ளை. அவங்களும் தாய் தகப்பன் உள்ளவங்கதான்.'

சிரிச்சாரு. சிரிப்பு மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் சொல்றாரு, 'அத்தை, நாளைக்கு இறங்கினா நடுவுல நாலு நாள்தான் இருக்கு. அதுவரைக்கும் செம்பகம் என்கூட இருக்கட்டும். ரெண்டு வருஷம் அத்தை.'

'ஆடி முடியட்டுமே'ங்கிறேன் நான். ஆடி முடியும்போது அவரு எங்க இருப்பாருன்னு அந்த நேரம் எனக்குத் தோணல.

அப்பச் சொன்னாரு பாருங்க ஒரு பேச்சு. தட்டைப் பாத்துக்கிட்டே, 'நீங்க எதுக்குப் பயப்படுறீங்களோ, அது நடக்காம நாங்க பாத்துக்கிறோம்'ங்கிறாரு. ஒரு மருமகன் மாமியார்கிட்டப் பேசுற பேச்சா தாயி இது. எனக்கு ரெண்டு காதும் சுட்டுப் போச்சு. இவ சொல்றா, 'எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்மா, ஒரு எடத்துல உக்காந்து பேசிக்கிட்டு இருந்தாப் போதும்மா. நாங்க இன்னும் பேசவே ஆரம்பிக்கலம்மா'ன்னு. கல்யாணம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு, பேசவே ஆரம்பிக்கலையாம். மாடிப்படியில உக்காந்து பேசினதெல்லாம் என்னதாம்.

நானும் சொல்லிட்டேன். வாய்க்கு வந்துருச்சு. 'போறதுன்னாப் போ. ஆனா அப்புறம் அம்மான்னு ஒருத்தி இருக்கான்னு சாத்தூர் மண்ணை மிதிக்காத'ன்னேன்.

நாலு பேரு முன்னாலயும் ஐஸ்கிரீம் வச்சிருந்தான், உருகித் தண்ணியாப் போச்சு. இவுக மட்டும் மடியில போட்ட துணியை மடிச்சாக. நாலா மடிச்சு, எட்டா மடிச்சு, கைக்குள்ள வச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போனாக.

சாயங்காலம் பாத்தா, தகப்பனும் மகளும் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்காங்க. இவுக பேசுறாக. கையை அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டிப் பேசுறாக. இவுக பிறந்ததுலருந்து பேசாததை எல்லாம் அன்னைக்குப் பேசித் தீத்துட்ட மாதிரி இருந்துச்சு. என்ன அவ்வளவு பேச்சுன்னு கேட்டேன். கரை தெரியுமான்னு பாத்தோம்னாக.

ஆனா ஒண்ணு, பிள்ளை வந்துட்டா பாருங்க. இன்னைக்குக் காலையில துறைமுகத்துல இறங்கினதும், மாப்ளை எனக்குக் கும்பிட்டாரு, இவுக கையைப் பிடிச்சாரு. புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கக்கூட இல்ல. இவ பேசாம ஆட்டோவுல ஏறி என் பக்கத்துல உக்காந்துட்டா. எழும்பூர் வந்து வண்டியேறியாச்சு. வளத்த வளர்ப்பு அப்படி. இந்தக் காலத்துல எந்தப் பிள்ளை தாயி சொன்ன பேச்சைக் கேக்குது.

விழுப்புரம் வந்துருச்சா. இவ்வளவு நேரமாவா பேசியிருக்கேன்.

செம்பகம், எங்கடி எந்திரிக்கிறே. தண்ணியா. அப்பாவைப் போகச் சொல்லேன். சரி போ, போயிட்டுச் சட்டுன்னு ஏறிரு.

பாத்தீங்களா தாயி, பேசிட்டா. 'தண்ணி வாங்கிட்டு வாறேம்மா'ன்னா. நேத்துலருந்து என்கிட்டப் பேசின மொதல் பேச்சு. செருப்பைத் தேடும்போது என் கால்ல கை பட்டுருச்சு, உடனே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. மனசுல ஒண்ணும் வச்சுக்க மாட்டா.

அவ இறங்கியிருக்கா, அதனால சொல்றேன். கொஞ்சம் கிட்ட வாங்க. இவுக காதுல விழ வேண்டாம்.

ரெஜினா டீச்சர் கேட்டாளே, ஏன் பயம்னு. ஆடியில சேந்தா சித்திரையில பிள்ளை பிறக்கும், ஆகாதும்பாங்கள்ல. எல்லாரும் சொல்லிட்டுப் போறது. எனக்கு நடந்துச்சு. எனக்கு மூத்தது ஒரு பையன். முத்தையா. சித்திரை அஞ்சு பிறந்தான். நல்ல நெறம், மண்டை நெறைய முடி. அவன் பிறந்த நாப்பத்தொண்ணாம் நாள் எங்க மாமனாரு கடையில சேவு எடுத்துக்கிட்டு இருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு. வந்ததும் தாத்தனை முழுங்கிட்டான்னு எங்க மாமியா சொல்லிட்டாக. அந்த வீட்ல அவன் அழுதாக்கூடக் குத்தம். பத்து மாசம் பொத்திப் பொத்தி வச்சேன். கடைசியில எங்க நாத்தனாருக்குப் பிள்ளை இல்லன்னு, ராஜபாளையத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டாக. தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போறாக. அவன் மூஞ்சி என் பக்கம். தெருமுனை திரும்புற வரைக்கும் என்னயவே பாத்துக்கிட்டுப் போனான். சிரிச்சுக்கிட்டே போனான், திரும்பி வந்துருவோம்னு.

இவுக அன்னைக்கும் இங்க உக்காந்திருக்கிற மாதிரிதான் உக்காந்திருந்தாக. ஒரு வார்த்தை, எம் பிள்ளையைக் கொடுக்க மாட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை.

அப்புறம் பன்னெண்டு வருஷம் கழிச்சுத்தான் இவ பிறந்தா. அவனுக்கு இப்ப முப்பத்தேழு. கல்யாணத்துக்கு வந்திருந்தான். விருந்தாளி மாதிரிப் பந்தியில உக்காந்து சாப்பிட்டான். 'வாறேன் அத்தை'ன்னு சொல்லிட்டுப் போனான். அத்தை.

செம்பகத்துக்கு இது தெரியாது. அவனை அத்தை மகன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கா. சொல்லணும் சொல்லணும்னுதான் இருக்கு. கப்பல்ல மூணு நாள் ஒரே மெத்தையில படுத்திருந்தோம், அப்பவாவது சொல்லியிருக்கலாம். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லிருவேன். சொன்னாப் புரிஞ்சுக்குவா. அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதை எவளாவது தூக்கிட்டுப் போகக் கூடாதுல்ல, அதுக்குத்தானே நான் இம்புட்டும்.

வண்டி நகருதே.

ஏங்க, வண்டி நகருது, அவளைக் காணோம். பேப்பரை மடிங்க மொதல்ல. போயி வாசல்ல பாருங்க. ஓடி வந்து பின்னால ஏறியிருப்பா. பையி அங்கதானே இருக்கு, பாருங்க.

என்ன, பையி இல்லையா. நான் அப்பவே சொன்னேன்ல. சொன்னேன்ல தாயி.

ஏன் சும்மா நிக்கீக. சங்கிலியைப் பிடிச்சு இழுங்க.

என்னது.

'உக்காரு அன்னம்'ங்கிறாக. கேட்டீங்களா தாயி. 'பாண்டிச்சேரியில ரூம் போட்டிருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும். நான்தான் போட்டேன்'ங்கிறாக. மாப்ளை இதே வண்டியில கடைசிப் பெட்டியில வந்தாராம். எனக்குத் தெரியாம. நான் பேசிக்கிட்டு இருந்தேன், எனக்குத் தெரியாம.

உங்களை யாரு செய்யச் சொன்னா. ஆகாத மாசத்துல, உங்களை யாரு.

'ஒருதடவை பேசாம இருந்தேன்ல. போதும்'ங்கிறாக.

சொல்லிட்டு மறுபடியும் பேப்பரை விரிச்சுட்டாக பாருங்க. பேப்பரு எப்படி ஆடுது பாருங்க. அதுல என்ன எழுத்துத் தெரியும் இவுகளுக்கு.

நீங்க பாத்தீங்களா தாயி. ஜன்னலோரத்துல நீங்கதானே இருக்கீங்க. ஒரு பையன் வந்து பையை வாங்கினானா. என்ன சட்டை. மயில்கழுத்துக் கலரா.

அது நான் எடுத்துக் கொடுத்தது. ஆடிக்கு நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

சங்கிலியா. இல்ல, வேண்டாம். நீங்க எந்திரிக்காதீங்க. வண்டி வேகம் எடுத்துருச்சு.

நான் நேத்து சாத்தூர் மண்ணை மிதிக்காதன்னு சொல்லிட்டேனே. அதை அவ மனசுல வச்சுக்க மாட்டாள்ல. கால்ல கை பட்டப்பத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. நீங்களும் பாத்தீங்கள்ல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க தாயி. ஸ்டேஷன் பாலத்துப் படியேறிப் போகும்போது, அந்தக் கூட்டத்துக்குள்ள மறையிறதுக்கு முன்னால, இந்தப் பக்கம் ஒருதடவையாச்சும் திரும்பிப் பாத்தாளா?